பனிக்கட்டிக் கத்தி

துப்பறியும் கதைகளில் அடிபட்டுத் தேய்ந்துபோன தந்திரம் ஒன்று உண்டு. உள்ளே தாழிட்ட அறையில் ஒரு மனிதன் குத்துப்பட்டுக் கிடப்பான். காயம் இருக்கும், கத்தி இருக்காது. போலீஸார் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். கடைசி அத்தியாயத்தில் துப்பறிகிறவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கொலைகாரன் உபயோகித்தது பனிக்கட்டியைச் சீவிச் செய்த கத்தி, வேலை முடிந்ததும் அது உருகித் தண்ணீராகிவிட்டது" என்று சொல்லி எல்லோரையும் அசர வைப்பார். எழுத ஆரம்பித்த பிறகு, இதெல்லாம் கதைக்குச் சரி, உலகத்தில் எங்கே நடக்கப் போகிறது என்றுதான் எண்ணியிருந்தேன்.

நடந்திருக்கிறது. ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. ஆகாய விமானத்தின் சரித்திரத்தைப் படித்துக்கொண்டு போனால் இந்தப் பனிக்கட்டிக் கத்தி அடிக்கடி தட்டுப்படுகிறது. நடுவானத்தில் யந்திரம் இருமுகிறது, தடுமாறுகிறது, ஓய்ந்துவிடுகிறது. விமானம் வயலிலோ மலையிலோ வந்து விழுகிறது. மறுநாள் நிபுணர்கள் வந்து யந்திரத்தைப் பிரித்துப் பார்க்கிறார்கள். டாங்கியில் பெட்ரோல் இருக்கிறது. தீப்பொறி தரும் பிளக்குகள் ஒழுங்காக இருக்கின்றன. எந்த உறுப்பும் உடையவில்லை. அதே யந்திரத்தைத் தூக்கி நிறுத்திக் கிளப்பினால் ஒன்றும் அறியாத குழந்தை போல ஓடவும் ஓடும். அப்படியானால் தப்பு யாருடையது? ஓட்டியவன் தலையில் போடுவதுதான் சுலபம். அவன் உயிரோடு இருந்தால் மன்றாடலாம். இறந்துபோயிருந்தால் அந்தப் பேரோடு போக வேண்டியதுதான்.

குற்றவாளி ஒளிந்திருந்த இடம் கார்புரேட்டர். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற வாசகர்கள் இந்தப் பெயரை மெக்கானிக் வாயிலிருந்து, பெரும்பாலும் பில்லோடு சேர்த்து, கேட்டிருப்பார்கள். பெட்ரோல் திரவமாக இருக்கும்வரை யந்திரத்துக்கு உபயோகமில்லை. அதைப் பூந்தூறலாக்கிக் காற்றோடு கலந்து உள்ளே அனுப்ப வேண்டும். அந்தக் கலக்கும் வேலையைச் செய்கிற சிறிய பாத்திரம்தான் கார்புரேட்டர். காற்று ஒரு குழாய் வழியே வருகிறது. குழாய் நடுவில் இடை போலச் சிறுத்திருக்கிறது. குறுகிய இடத்தில் காற்று வேகமாக ஓடும்போது பக்கத்திலுள்ள நுண்ணிய துவாரத்திலிருந்து பெட்ரோலை உறிஞ்சித் தெளித்துக்கொண்டு போகிறது. அதற்கு அப்பால் ஒரு சிறிய தகட்டுக் கதவு. அதைத் திறந்து மூடித்தான் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும்.

இந்த யோசனை பிறந்ததைப் பற்றி ஹங்கேரியில் ஓர் அழகான கதை சொல்லுகிறார்கள். புடாபெஸ்ட் நகரத்தில் டோனாட் பாங்க்கி என்ற என்ஜினீயர் வீடு திரும்பிக்கொண்டிருந்தாராம். தெருவில் பூ விற்கிற பெண் ஒருத்தி பூக்கள் வாடாமலிருக்க ஒரு சிறு குழாயை வாயில் வைத்து ஊதித் தண்ணீரைத் தூவிக்கொண்டிருந்தாளாம். பளிச்சென்று மூளையில் விளக்கு எரிந்ததாம். அவரும் யானோஷ் சோங்க்கா என்ற நண்பரும் 1893-ம் வருஷம் பிப்ரவரி மாதம் இதற்குப் பேடண்ட் கேட்டார்கள். அதே வருஷம் ஆகஸ்டில், ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் என்பவரும் கிட்டத்தட்ட அதே மாதிரியான கருவிக்குப் பேடண்ட் வாங்கினார். பூக்காரியின் கதை நிஜமோ கற்பனையோ, நம்மூர்ப் பூக்கடைகளைப் பார்த்தவர்களுக்கு அதை நம்பாமலிருக்க மனம் வராது.

பூக்காரி தண்ணீர் தெளிப்பது பூ குளிர்ந்திருக்க. இந்த இடத்தில்தான் வில்லன் மேடைக்கு வருகிறான். ஊசி போடும் முன் டாக்டர் கையில் ஸ்பிரிட் தடவுகிறார், ஜில்லென்று இருக்கிறது. சித்திரை வெயிலில் மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருக்கிறது. ஜன்னலில் தொங்கும் வெட்டிவேர்த் தட்டியை நனைத்து விட்டால் உள்ளே வரும் அனல் காற்றுத் தென்றலாக மாறுகிறது. எல்லாம் ஒரே சமாசாரம்: திரவம் ஆவியாக வேண்டுமானால் அதற்கு உஷ்ணம் வேண்டும், பக்கத்தில் எது இருக்கிறதோ அதனிடமிருந்து பறித்துக்கொள்ளும். பெட்ரோல் தண்ணீரைவிட அவசரக்காரன். கார்புரேட்டருக்குள் தூறலாகத் தெளித்த மாத்திரத்தில் ஆவியாகிறது. ஆகும்போது காற்றின் சூட்டையும் குழாயின் சூட்டையும் உறிஞ்சிவிடுகிறது. குறுகிய வழியில் காற்று விரைந்து ஓடி அழுத்தம் குறைவதாலும் கொஞ்சம் குளிர்ச்சி சேருகிறது. இரண்டுமாகச் சேர்ந்து உள்ளே உஷ்ணம் சில சமயம் 30 டிகிரிக்கு மேலேகூட இறங்கிவிடும். காற்றில் ஈரம் இருந்தால் அது குழாயின் சுவரிலும் தகட்டுக் கதவின் ஓரத்திலும் உறைந்து ஒட்டிக்கொள்ளும். மேலும் மேலும் படியும். காற்றுப் போகும் வழி சிறுத்துக்கொண்டே வரும். யந்திரத்துக்கு மூச்சு முட்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் வெளியே குளிர் இருக்க வேண்டும் என்பதில்லை. சென்னையில் மார்கழி மாதத்து விடியற்காலையில் 21, 22 டிகிரி இருக்கும். காற்றில் ஈரமோ கேட்க வேண்டாம். நமக்குச் சால்வை போதும். கார்புரேட்டருக்குள் அதே காற்று உறைபனியாகிவிடலாம். சற்று வறண்ட காற்றாக இருந்தாலும், வெயில் 35 டிகிரியைத் தாண்டியிருந்தாலும் இது நேரக்கூடும் என்று விமானிகளுக்கான பாடப் புத்தகங்கள் எச்சரிக்கின்றன. மாறாக, எலும்பை நடுக்கும் கடுங்குளிரில் பயம் குறைவு. அங்கே காற்றில் ஈரமே இருப்பதில்லை, இருக்கிற சொற்பமும் முன்பே பனித்தூளாகி ஒட்டாமல் உள்ளே ஓடிவிடுகிறது. பனிமலைக்கு மேல் பத்திரமாகப் பறந்தவன், வெயில் அடிக்கிற பச்சை வயலுக்கு மேல் யந்திரம் உறைந்து விழுந்தான் என்று ஒரு கதையில் எழுதினால் பத்திரிகை ஆசிரியர் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவார்.

1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்தபோது இந்தத் தொல்லை இல்லை. அவர்களுடைய யந்திரத்தில் நாம் சொல்லுகிற மாதிரிக் கார்புரேட்டரே கிடையாது. பெட்ரோல் மேலேயிருந்து சொட்டி, யந்திரத்தின் சூடு பட்ட ஒரு தட்டையான அறையில் பரவி, அந்தச் சூட்டிலேயே ஆவியாகி உள்ளே போயிற்று. நாகரிகமில்லாத ஏற்பாடுதான், ஆனால் உறைய வழியில்லை. கருவி நேர்த்தியாக நேர்த்தியாகத்தான் வியாதியும் வந்தது.

இந்த வியாதியின் சரித்திரத்தில் பெரிய மனிதர் ஒருவரின் பெயர் வருகிறது. 1927-ம் வருஷம் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு நடுவில் இறங்காமல் பறக்கிறவர்களுக்கு 25,000 டாலர் பரிசு காத்திருந்தது. மே மாதம் 8-ந் தேதி, பிரான்ஸின் யுத்த வீரர் நங்கஸேரும் அவர் தோழர் கோலியும் பாரிஸிலிருந்து எதிர்த் திசையில் புறப்பட்டு அட்லாண்டிக் பக்கம் போனார்கள். பிறகு அவர்களை யாரும் காணவில்லை. விமானம் என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியாது. அதற்கு இரண்டு நாள் கழித்து, மே 10-ந் தேதி சாயங்காலம், அமெரிக்காவின் மேற்குக் கோடியிலுள்ள ஸான் டீகோவிலிருந்து 25 வயதான ஒரு தபால் விமானி தன்னந்தனியாகக் கிழக்கு நோக்கிக் கிளம்பினார். பெயர் சார்லஸ் லிண்ட்பர்க். விமானம் 'ஸ்பிரிட் ஆஃப் செயிண்ட் லூயிஸ்'. ஒன்பது சிலிண்டர்கள் கொண்ட ஒரே ஒரு ரைட் வர்ல்விண்ட் யந்திரம். 220 குதிரைச் சக்திக்குச் சற்று மேல்.

அன்று ராத்திரி அரிஸோனாப் பக்கத்து மலைகளின் மேல் போய்க்கொண்டிருந்தபோது யந்திரம் திடீரென்று இருமியது. விமானம் முழுவதும் உலுக்கிற்று. கீழே இருட்டில் மலைகள். சமதரை எங்கே என்று தெரியாது. வட்டமிட்டுக்கொண்டே உயரத்தை இழந்தார். இறங்கி நொறுங்குவதா, இழுத்துப் பிடித்துக்கொண்டு போவதா என்று யோசிக்க அவகாசம் நிமிஷக் கணக்கில்தான். பாரிஸ், பரிசு, செயிண்ட் லூயிஸ் வியாபாரிகள் நம்பிக் கொடுத்த பணம் எல்லாம் அந்த மலைச் சரிவில் முடிந்துபோக இருந்தன. பிறகு எதனாலோ யந்திரம் சிறிது சிறிதாகத் தெளிந்து பழையபடி ஓட ஆரம்பித்தது. மறுநாள் காலையில் செயிண்ட் லூயிஸில் இறங்கினார்; 14 மணி 25 நிமிஷப் பிரயாணம். உலகம் அதை ஒரு சாதனையாகக் கொண்டாடிற்று. அவர் மனத்தில் அந்த இருமல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் ஊகித்த காரணம் கார்புரேட்டரில் பனி. பாலைவன தேசத்துக்கு மேல் பனி! உயரத்திலிருந்த குளிர்ந்த ராக்காற்று அந்த வேலையைச் செய்துவிட்டது. அட்லாண்டிக்கின் ஈரக் காற்றில் அது நேர்ந்தால் வட்டமிட்டு இறங்க மலைகூடக் கிடையாது. நியூயார்க் பக்கத்திலுள்ள லாங் ஐலண்டுக்கு 12-ந் தேதி போய்ச் சேர்ந்ததும், மழையும் மூடுபனியும் எல்லோரையும் தரையில் கட்டிப் போட்டிருந்த ஒரு வாரத்தில், யந்திரக் கம்பெனியின் மெக்கானிக்குகள் அவர் விமானத்தில் ஒரு சிறிய உபகரணத்தைப் பொருத்தினார்கள். கார்புரேட்டருக்குப் போகும் காற்றை முதலிலேயே சூடாக்கி அனுப்புகிற சாதனம்.

இதை நான் முக்கியமாக நினைப்பதற்குக் காரணம், லிண்ட்பர்க் எடை விஷயத்தில் மகா கஞ்சன். ரேடியோ வேண்டாம் என்றார். பாரஷூட் வேண்டாம் என்றார். துணைக்கு ஒரு விமானிகூட வேண்டாம் என்றார். உட்காரப் பிரம்பு நாற்காலி. கனமான ஆசனம் எதற்கு? ஒவ்வொரு ராத்தலும் அவருக்குப் பெட்ரோல் கணக்குத்தான். போதாததற்கு, சூடான காற்று லேசானது. அதைக் குடித்தால் யந்திரத்தின் பலமும் சற்றுக் குறையும். அப்படிப்பட்ட மனிதர் மறுபேச்சில்லாமல் இந்த இரும்புச் சுமைக்கு இடம் கொடுத்தார் என்றால், அரிஸோனா மலைமேல் அந்தச் சில நிமிஷங்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

மே 20-ந் தேதி காலை 7-52க்குக் கிளம்பி, மறுநாள் ராத்திரி 10-22க்குப் பாரிஸில் இறங்கியதும், லட்சம் பேருக்கு மேல் கூடியதும் உலகறிந்த கதை. வழியில் ஒரு ராத்திரி மேகக் கூட்டத்துக்குள் புகுந்தபோது ஜன்னல் வழியே கையை நீட்டிப் பார்த்தார். ஊசி ஊசியாகக் குத்திற்று. டார்ச் அடித்தால் இறக்கையைத் தாங்கும் கம்பங்களில் பனி படிந்து மினுங்கிற்று. ஜாக்கிரதையாகத் திரும்பி மேகத்தை விட்டு வெளியே வந்தார். வெளியே பனி, உள்ளே தூக்கம்; இரண்டோடும் சண்டை. யந்திரம் மட்டும் முப்பத்து மூன்றரை மணி நேரமும் ஓயாமல் ஓடிற்று. 1953-ல் அவர் வெளியிட்ட புத்தகம் அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு பெற்றது. அரசியலில் பிற்காலத்தில் அவர் எடுத்த நிலைகள் பலருக்குப் பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் யந்திரம் இருமியதை எழுதுகிற இடத்தில் அவர் அசல் எழுத்தாளர்.

விமானிகளில் எழுத்தாளர்கள் பலர் உண்டு. அவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் பெரில் மார்க்கம் என்ற அம்மாள். இங்கிலாந்தில் பிறந்து, கென்யாவில் குதிரைகளோடு வளர்ந்து, குதிரைப் பந்தயப் பயிற்சியும் பின்பு விமான ஓட்டமும் தொழிலாகக் கொண்டவர். 1936-ம் வருஷம் செப்டம்பர் 4-ந் தேதி மாலை இங்கிலாந்தில் அபிங்டனிலிருந்து 'தி மெஸஞ்சர்' என்ற வேகா கல் விமானத்தில் தனியாக நியூயார்க்கை நோக்கிப் புறப்பட்டார். கிழக்கே போவது சுலபம், காற்றுத் தள்ளிக்கொண்டு போகும். மேற்கே போவது எதிர்நீச்சல். இருபத்தோரு மணி நேரத்துக்கு மேல் பறந்து, கனடாவின் கரை கண்ணுக்குத் தெரிகிற வேளையில் யந்திரம் தடுமாறிற்று. கடைசி டாங்கியில் பெட்ரோல் இருந்தது. யந்திரத்துக்குத்தான் அது வந்து சேரவில்லை.

அவர் சொன்ன காரணம் நமது வில்லனுக்குப் பங்காளி முறை. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துவாரம் போட்டால் எண்ணெய் களக் களக்கென்று விக்கி விக்கி வரும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். எதிர் மூலையில் இன்னொரு துவாரம் போட்டால்தான் காற்று உள்ளே போய், எண்ணெய் ஒழுங்காக இறங்கும். விமானத்தின் டாங்கிக்கும் அப்படி ஒரு காற்றுத் துவாரம் உண்டு. அதைப் பனி அடைத்துவிட்டது. கேப் பிரெட்டன் தீவில் பலேன் என்ற இடத்துச் சதுப்பு நிலத்தில் விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. நெற்றியில் காயத்தோடு அவர் இறங்கி நடந்தார். நியூயார்க்கை அடையாவிட்டாலும், இங்கிலாந்திலிருந்து தனியாக அட்லாண்டிக்கை மேற்கு நோக்கித் தாண்டிய முதல் பெண் என்ற பெயர் நிலைத்தது. நகர மேயர் லா கார்டியா வரவேற்பும் அளித்தார்.

1942-ல் அவர் தம் அனுபவங்களைப் புத்தகமாக வெளியிட்டார். யுத்த காலம், யாரும் கவனிக்கவில்லை. ஹெமிங்வே மட்டும் ஒரு கடிதத்தில், இந்தப் பெண் எழுதுவதைப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது என்ற பொருள்படப் புகழ்ந்து எழுதினார். அந்தக் கடிதம் வெகு காலம் கழித்து ஒருவர் கண்ணில் பட்டு, 1983-ல் புத்தகம் மறுபதிப்பு ஆயிற்று. அப்போது அவர் நைரோபியில் எண்பது வயதில் வறுமையில் இருந்தார். மூன்று வருஷம் புகழை அனுபவித்துவிட்டு 1986-ல் காலமானார். புத்தகத்தை எழுதியது அவரல்ல, எழுத்தாளரான அவர் கணவர் என்று சிலர் கிளப்பினார்கள். பெண் ஒருத்தி அட்லாண்டிக்கைத் தாண்டினாள் என்றால் நம்புவார்கள், நல்ல வாக்கியம் எழுதினாள் என்றால் நம்பமாட்டார்கள் போலும். இது விமான விஷயமல்ல, மன்னிக்கவும்.

இதுவரை சொன்னவர்கள் தப்பிப் பிழைத்தவர்கள். தனியாகப் பறந்தவர்கள், உயிர் போனாலும் அவர்களுடைய உயிர்தான். 1939-ல் நடந்தது வேறு மாதிரி.

அந்தக் காலத்தில் இம்பீரியல் ஏர்வேஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி பெரிய பெரிய பறக்கும் படகுகளை ஓட்டிக்கொண்டிருந்தது. தண்ணீரிலிருந்து கிளம்பித் தண்ணீரில் இறங்கும் விமானங்கள். இந்தியாவுக்கும் அவை வந்தன: கராச்சியிலும், குவாலியர் ஏரியிலும், அலகாபாத்தில் யமுனையிலும், கல்கத்தாவில் ஹூக்ளியிலும் இறங்கின. நான்கு யந்திரங்கள், விசாலமான அறைகள், உபசாரத்துக்குச் சிப்பந்தி. ராஜபோகம். அவற்றில் ஒன்றான 'காவலியர்' என்பதைப் பிரித்துக் கப்பலில் ஏற்றி பெர்முடா தீவுக்குக் கொண்டுபோய், அங்கே பூட்டி, 1937-ம் வருஷம் ஜூன் முதல் நியூயார்க்குக்கும் பெர்முடாவுக்கும் இடையே ஓட்டிவந்தார்கள்.

1939-ம் வருஷம் ஜனவரி 21-ந் தேதி, சனிக்கிழமை. காவலியர் முற்பகலில் நியூயார்க்கை விட்டுக் கிளம்பிற்று. காப்டன் ஆல்டர்ஸன். அவரையும் சேர்த்துச் சிப்பந்திகள் ஐந்து பேர், பிரயாணிகள் எட்டுப் பேர். குளிரிலிருந்து தப்பி வெயில் காய பெர்முடா போகிறவர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் வானிலை கெட்டது. கனத்த மேகம். ரேடியோவில் முதலில் மோசமான வானிலை என்று செய்தி வந்தது. பிறகு, பனியால் யந்திரங்கள் செயலிழக்கின்றன, இன்னும் சில நிமிஷங்களில் கடலில் இறங்க வேண்டியிருக்கும் என்று வந்தது. உள்பக்கத்து யந்திரங்கள் இரண்டும் அடியோடு ஓய்ந்துவிட்டன. வெளிப்பக்கத்து இரண்டும் அரைகுறைச் சக்தியோடு முனகின. நான்கு யந்திரம் இருக்கிறதே, ஒன்று போனால் மூன்று என்று சமாதானம் சொல்லிக்கொள்வது வழக்கம். ஒரே காற்றைத்தான் நான்கும் குடிக்கின்றன என்பதை அந்தச் சமாதானம் மறந்துவிடுகிறது.

பறக்கும் படகுதான்; ஆனால் குளத்துத் தண்ணீர் வேறு, பிற்பகல் வேளையில் பொங்கிக்கொண்டிருக்கும் அட்லாண்டிக் வேறு. இறங்கிய வேகத்தில் அடிப்பகுதி பிளந்தது. மூழ்குகிறோம் என்பதுதான் ரேடியோவில் வந்த கடைசிச் செய்தி. சிறிது நேரத்தில் காவலியர் மறைந்துவிட்டது. பதின்மூன்று பேரும் கடலில், கைக்கு அகப்பட்ட மிதவைகளைப் பிடித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் விட்டுவிடாமல் மிதந்தார்கள்.

பத்து மணி நேரம். அதில் பெரும்பகுதி இருட்டு. கல்ஃப் நீரோட்டம் ஓடுகிற கடல் அது. தெற்கிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரைக் கொண்டுவருகிறது. அந்த வெதுவெதுப்பு இல்லையென்றால் ஜனவரி மாதத்து அட்லாண்டிக்கில் ஒரு மணி நேரம்கூடத் தாங்கியிருக்காது. யோசித்துப் பார்த்தால், வெதுவெதுப்பான கடலும் மேலே வீசும் குளிர் காற்றும் சந்திப்பதால்தான் அங்கே ஈரம் சுமந்த அந்த மாதிரி மேகம் எழும்புகிறது. யந்திரத்தை உறைய வைத்த ஈரத்துக்கும் மனிதர்களை உயிரோடு வைத்த சூட்டுக்கும் தாய்வீடு ஒன்றுதான்.

நள்ளிரவை நெருங்குகிற வேளையில் 'எஸ்ஸோ பேடவுன்' என்ற எண்ணெய்க் கப்பல், தேடிக்கொண்டு வந்து, அவர்களைக் கண்டுபிடித்தது. பத்துப் பேரை ஏற்றிக்கொண்டது. பிரயாணிகளில் இரண்டு பேரும் சிப்பந்தி ஒருவரும் அதற்குள் போய்விட்டார்கள்.

விசாரணை நடந்தது. இந்தத் தடவை பனிக்கட்டிக் கத்திக்குத் தப்ப வழியில்லை, சாட்சிகள் இருந்தார்கள். காப்டன் பிழைத்திருந்தார். ரேடியோச் செய்தியில் காரணம் அந்தக் கணத்திலேயே பதிவாகியிருந்தது. நான்கு கார்புரேட்டர்களும் கடலடியில் கிடந்தன. அவற்றை மேலே கொண்டுவந்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. கார்புரேட்டரில் பனி உறைந்ததே காரணம் என்று தீர்ப்பாயிற்று. அரிஸோனா மலைமேல் ஒரு தபால் விமானிக்குத் தெரிந்து, நாலைந்து நாளில் மெக்கானிக்குகள் பரிகாரம் செய்த ஒரு விஷயம், பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு பெரிய கம்பெனியின் நான்கு யந்திர விமானத்தை விழுங்கியது. அறிவு புத்தகத்தில் ஏறிவிட்டால் எல்லோரையும் சென்றடைந்துவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது காலில் செருப்பில்லாமல் மெதுவாகத்தான் நடக்கிறது.

அதற்குப் பிறகு ஆராய்ச்சி மும்முரமாயிற்று. யுத்த காலத்தில் அமெரிக்காவில் கிளீவ்லண்ட் நகரத்து ஆராய்ச்சிச் சாலையில் யந்திரங்களை வேண்டுமென்றே உறைய வைத்துப் பரிசோதித்தார்கள். வெளியிலிருந்து வந்து அடைக்கும் பனி, தகட்டுக் கதவருகே படியும் பனி, பெட்ரோல் ஆவியாவதால் விளையும் பனி என்று மூன்று ஜாதியாகப் பிரித்தார்கள். ஜெர்மானியர் தங்கள் யுத்த விமானங்களில் கார்புரேட்டரையே ஒழித்துவிட்டுப் பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீச்சுகிற முறையைக் கொண்டுவந்தார்கள். பிறகு ஜெட் யந்திரம் வந்தது. நாம் டில்லிக்கும் சிங்கப்பூருக்கும் போகிற பெரிய விமானங்களில் இந்தப் பேச்சே கிடையாது.

ஆனால் உலகத்தில் பயிற்சிப் பள்ளிகளிலும் கிளப்புகளிலும் பறக்கிற சிறிய விமானங்கள் பலவற்றில் கார்புரேட்டர் இன்னும் இருக்கிறது. கூடவே, விமானியின் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சிறிய குமிழ் இருக்கிறது. இழுத்தால் யந்திரத்தின் புகைக்குழாயைச் சுற்றி வந்த சூடான காற்று கார்புரேட்டருக்குள் பாயும். லிண்ட்பர்க்குக்கு மாட்டிய சாதனத்தின் வாரிசு. அப்படியும் வருஷந்தோறும் எங்கேயாவது விபத்து நேருகிறது. ஏன் என்று விசாரித்தபோது, மனித சுபாவத்தைப் பற்றி நாவலாசிரியர்களுக்குப் பயன்படக்கூடிய சில விவரங்கள் கிடைத்தன.

பனி ஒரேயடியாக வந்து அடைப்பதில்லை. சுழற்சி மெல்ல மெல்லக் குறையும். ஐம்பது, நூறு என்று. விமானி தன்னை அறியாமல் பெட்ரோல் கதவைக் கொஞ்சம் திறந்து ஈடு கட்டுவான். மறுபடி குறையும், மறுபடி திறப்பான். கடன் வாங்கிக் குடும்பம் நடத்துவது போல. முழுவதும் திறந்த பிறகுதான் இனித் திறக்க ஒன்றுமில்லை என்பது தெரியும். அதைவிட ஆபத்து, தரையிறங்க வரும்போது. கதவை ஏறக்குறைய மூடிவிட்டு மிதந்து இறங்குகிறான். மூடிய கதவின் மெல்லிய இடுக்கில் பனி சுலபமாகப் படிகிறது. யந்திரத்தில் சூடும் குறைந்துவிடுகிறது. மெதுவாக ஓடுகிற யந்திரம் திணறுகிறதா என்று காதுக்குத் தெரிவதில்லை. ஓடுபாதையை எட்ட இன்னும் சற்றுச் சக்தி வேண்டும் என்று திறக்கிறான், எதுவும் நடப்பதில்லை.

குமிழை இழுக்கிறவனுக்கும் ஒரு சோதனை இருக்கிறது. சூடான காற்றுப் போனவுடன் யந்திரம் தெளியும் என்று அவன் எதிர்பார்க்கிறான். நேர்மாறாக, முன்னைவிட மோசமாகிறது. உருகிய பனி தண்ணீராகி யந்திரத்துக்குள் இறங்குகிறது. யந்திரம் புரையேறினாற்போல் உலுக்கி எடுக்கிறது. புதிதாகக் கற்றுக்கொண்டவன் பயந்துபோய், நான் செய்ததுதான் தப்பு என்று குமிழைப் பழையபடி தள்ளிவிடுகிறான். உலுக்கல் நிற்கிறது. பனி மீண்டும் சேருகிறது. ஆகவே பயிற்சி ஆசிரியர்கள் முதல் பாடத்திலேயே சொல்லி வைக்கிறார்கள்: இழு, பாதியில் நிறுத்தாமல் முழுவதும் இழு, யந்திரம் என்ன கூத்து அடித்தாலும் கையை அதன்மேலேயே வைத்துக்கொண்டு காத்திரு. எவ்வளவு நேரம் என்று மாணவன் கேட்பான். அரை நிமிஷம் ஆகலாம், அதற்குமேலும் ஆகலாம் என்பார்கள். தரையில் உட்கார்ந்து கேட்கும்போது அது ஒன்றும் பெரிய நேரமாகத் தோன்றுவதில்லை.